எலிக்குக் காய்ச்சல் வருவதில்லை: விலங்குகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றின் ஓரத்தில் காட்டெருமை தென்பட்டுவிட்டால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும்படி குழந்தைகளிடம் சொல்வார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான், முட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் விலங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோய்களை இதே அளவுகோலால் அளந்தால் கணக்கு தவறிப்போகும். மலைக்குப் போய்வந்தவர், வழியில் கண்ட காட்டெருமையை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார். தாம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்ட புல்மேட்டை மறந்துவிடுவார். பத்து நாள் கழித்து வரும் காய்ச்சலின் காரணம் அந்தப் புல்மேட்டில் இருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இரண்டு மூன்று அடிப்படைக் கருத்துகள் தெளிவாக வேண்டும்.

முதுகெலும்புள்ள விலங்குகளிடமிருந்து மனிதருக்கு இயல்பாகத் தாவும் நோய்களை விலங்குவழி நோய்கள் என்கிறோம். இவை ஏதோ அபூர்வமானவை அல்ல. 2001-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பு, மனிதருக்கு நோய் உண்டாக்கும் உயிரிகளாக 1,415 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 868, அதாவது 61 விழுக்காடு, விலங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவானவை. அந்த 1,415-இல் பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை மட்டும் 538. இந்தக் கட்டுரை பாக்டீரியாக்களைப் பற்றியது மட்டுமே என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறிநாய்க்கடி, நிபா, குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர்க் காட்டு நோய் ஆகியவையும் விலங்குகளிடமிருந்தே வருகின்றன, ஆனால் அவை வைரஸ்களால் வருபவை. இந்த வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று. பாக்டீரியா தன் உணவைத் தானே செரித்து, தானே பெருகும் முழுமையான உயிரணு. ஆகையால் அதன் செயல்களைத் தடுக்கும் ஆண்டிபயாடிக் மருந்துகள் அதனிடம் வேலை செய்யும், வைரஸிடம் செய்யா. காலத்தில் கண்டுபிடித்துவிட்டால் பாக்டீரியா நோய்களில் பலவற்றைச் சில நாள் மாத்திரையிலேயே தீர்த்துவிடலாம் என்பதால், இவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வதன் பயனும் அதிகம்.

அடுத்ததாகத் 'தேக்கி' என்ற கருத்து. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க மேட்டூரைவிட நல்ல உவமை கிடையாது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. காவிரியில் வெள்ளம் வரும் மாதங்கள் சிலவே. எனினும் வெள்ளம் இல்லாத மாதங்களிலும் டெல்டாவுக்குத் தண்ணீர் போகிறதென்றால், நடுவில் ஓரிடத்தில் அது தேங்கி நிற்கிறது என்று பொருள். நோய்க்கிருமிக்கும் இப்படி ஓரிடம் தேவை. மனிதரிடையே ஒரு நோய் ஐந்தாறு மாதம் முற்றிலும் மறைந்து, மழைக்காலம் வந்ததும் மீண்டும் தலைகாட்டுகிறது என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்தக் கிருமி எங்கேயோ உயிரோடு பெருகிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அந்த இடமே தேக்கி. அது ஒரு விலங்கினமாக இருக்கலாம், சில சமயம் பல இனங்கள் சேர்ந்ததாக இருக்கலாம், மண்ணும் நீரும்கூட அதில் பங்கு வகிக்கலாம்.

நல்ல தேக்கிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: கிருமி தன்னுள் நீண்டகாலம் தங்க இடம் கொடுக்க வேண்டும், அது வெளியேற மதகும் இருக்க வேண்டும். தேக்கியாக இருக்கும் விலங்கு நோயால் செத்துக்கொண்டே இருந்தால் கிருமிக்கும் அதனால் நட்டமே. அதனால்தான் நெடுங்காலமாக ஒன்றோடொன்று பழகிப்போன கிருமியும் விலங்கும் பெரும்பாலும் ஒருவகை உடன்பாட்டில் வாழ்கின்றன. விலங்கு நோய்வாய்ப்படுவதில்லை, ஓடியாடித் திரிகிறது, இனம் பெருக்குகிறது. போகுமிடமெல்லாம் கிருமியையும் கொண்டுபோகிறது. அந்த உடன்பாட்டில் கையெழுத்திடாத மூன்றாம் ஆளான மனிதனிடம் அதே கிருமி வந்து சேரும்போதுதான் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் மரணமும் நேர்கின்றன. 'நோயுற்ற விலங்கிடமிருந்து நோய் வருகிறது' என்ற பொதுவான எண்ணம், இந்த ஒரு காரணத்தால், பாதிக்கு மேல் தவறாகிவிடுகிறது.

எலிக்காய்ச்சல் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. பெயரில் எலி இருந்தாலும் காய்ச்சல் எலிக்கு வருவதில்லை. லெப்டோஸ்பைரா என்ற இந்தப் பாக்டீரியா, நூல்திரியை முறுக்கிவிட்டதுபோன்ற திருகு வடிவம் கொண்டது. நுனி கொக்கியாக வளைந்திருப்பதால் பார்ப்பதற்குக் கேள்விக்குறி போலிருக்கும், அதன் முக்கிய இனமொன்றின் இலத்தீன் பெயரே அந்த வடிவத்தைக் குறிப்பதுதான். எலியின் உடலுக்குள் நுழைந்ததும் இது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடலின் பாதுகாப்புப் படைகள் எளிதில் எட்டாத மூலை அது. அங்கிருந்தபடி ஒவ்வொரு முறை எலி சிறுநீர் கழிக்கும்போதும் வெளியேறுகிறது, மாதக்கணக்கில், சில எலிகளில் வாழ்நாள் முழுவதும். மதகு எப்போதும் திறந்தே இருக்கும் அணை என்று வைத்துக்கொள்ளலாம்.

எலியைக் காட்டு விலங்கு என்று சொல்லலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். யாரும் வளர்க்காமல், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல், தானே இரை தேடி வாழும் விலங்கு அது; நம் கூரைக்குக் கீழே வாழ்வதால் மட்டும் அது வீட்டு விலங்காகிவிடாது. சேலத்தைச் சுற்றி வரப்பெலி இருக்கிறது, மரவள்ளிக் காடுகளில் வளை தோண்டிக் கிழங்கைக் குடைகிறது. ஊருக்குள் பெருச்சாளி இருக்கிறது, சாக்கடை ஓரத்துச் சுவர்களைப் பறித்துப்போடுகிறது. எலிகளுக்கு அப்பால் மாடு, பன்றி, நாய் ஆகியவையும் லெப்டோஸ்பைராவைச் சுமக்கின்றன.

வெளியேறிய பாக்டீரியா வெயிலில் காய்ந்த தரையில் விரைவில் மடிந்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில், சூழல் வாய்த்தால் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வடகிழக்குப் பருவமழையில், சேலம் நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது என்ன நிகழக்கூடும் என்பதை இனி வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்: வளைகள் மூழ்குகின்றன, எலிகள் மேட்டுக்கு ஏறுகின்றன, அவற்றின் சிறுநீர் தண்ணீரோடு தண்ணீராகப் பரவுகிறது, காலில் சேற்றுப்புண்ணோ வெடிப்போ உள்ள ஒருவர் அதில் இறங்கி நடக்கிறார். கடி தேவையில்லை, எலியைப் பார்க்கவே தேவையில்லை. தோலின் சிறு கீறலும், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் மென்சவ்வும் போதும். வயலில் சேற்றில் நிற்பவர்கள், சாக்கடை தூர்வாருபவர்கள், மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர்கள் ஆகியோரை இது அதிகம் தாக்குவதற்குக் காரணம் இதுவே. 1915-இல் ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர்களான இனாடா, இடோ ஆகியோர் இந்தக் கிருமியை நோயின் காரணமாக நிறுவினார்கள்.

பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. கடுமையான தலைவலி, சீழ் இல்லாமல் கண் சிவத்தல், தொட்டாலே துடிக்க வைக்கும் கெண்டைக்கால் தசைவலி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மருத்துவர்கள் எலிக்காய்ச்சலை நினைக்கிறார்கள். பலருக்கு அது தானாகவே தணிந்துவிடும்; சிலருக்கு மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரல் இரத்தக்கசிவும் வரை போகும். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் இதனால் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 2015-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக மிக அரிது. கிருமியின் கோணத்திலிருந்து பார்த்தால் மனித உடல் ஒரு முட்டுச்சந்து. வழிதவறி வந்துவிட்டது, இனி இங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போக வழியில்லை. அது நம்மைத் தாக்குவதற்காகத் தோன்றிய கிருமி அன்று என்பது ஆறுதலாகத் தோன்றலாம், ஆனால் நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எலிக்காய்ச்சலில் தேக்கிக்கும் மனிதனுக்கும் நடுவே தண்ணீர் மட்டுமே இருந்தது. வேறு சில நோய்களில் நடுவே இன்னோர் உயிர் வந்து சேருகிறது. அதற்குக் கடத்தி என்று பெயர். தேக்கி என்பது கிருமி குடியிருக்கும் வீடு, கடத்தி என்பது அது ஏறிவரும் வண்டி. தொடக்கநிலை வாசகர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. அதிலும் நான் அடுத்துச் சொல்லப்போகும் நோயில் இயற்கையே இவ்விரண்டையும் குழப்பித்தான் வைத்திருக்கிறது.

ஸ்க்ரப் டைபஸ் என்ற அந்த நோயைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது, ஆயினும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் தொங்கும் உண்ணிக்கு இதில் பங்கில்லை. இதைக் கொண்டுவருவது மைட் எனப்படும் மிகச் சிறிய பூச்சியின் இளம்புழு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும், ஆறு கால்கள், செம்மஞ்சள் நிறம். தரையையொட்டிய புல்நுனியிலும் சருகிலும் இவை கூட்டமாகக் காத்திருக்கின்றன. எலியோ மூஞ்சூறோ அந்த வழியாகப் போனால் தொற்றிக்கொண்டு, அதன் தோலிலிருந்து திசுநீரை உறிஞ்சுகின்றன. (மூஞ்சூறு எலி இனமே அன்று, பூச்சி தின்னும் வேறு குடும்பம், பிள்ளையாரின் வாகனம் இரண்டில் எது என்ற வழக்கு நம் வீடுகளில் இன்னும் தீரவில்லை.) மனிதர் அங்கே உட்கார்ந்தால் மனிதர்மீதும் ஏறுகின்றன.

இதில் வியப்பு ஒன்று உண்டு. இந்தப் பூச்சி தன் வாழ்நாளில் விலங்கிடம் உணவு உண்பது ஒரே ஒரு முறை, இளம்புழுப் பருவத்தில் மட்டும். அதற்குப் பிறகு மண்ணுக்குள் போய், சிறு பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வளர்ந்து, முதிர்ந்து, முட்டையிடுகிறது. ஒரே முறை கடிக்கும் பூச்சி, ஓர் எலியிடமிருந்து கிருமியை வாங்கி மற்றொருவருக்குக் கொடுப்பது எப்படி? விடை என்னவென்றால், அது பெரும்பாலும் வாங்குவதே இல்லை. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பரம்பரைச் சொத்துபோல் பெற்றுக்கொண்டே பிறக்கிறது. ஒரியென்ஷியா சுசுகாமுஷி என்ற இந்தப் பாக்டீரியாவுக்கு மைட் பூச்சியே வீடு, மைட் பூச்சியே வண்டி. எலியும் மூஞ்சூறும் அந்தப் பூச்சிக்கு உணவளித்து, புதிய இடங்களுக்குச் சுமந்து செல்லும் சோற்றுச்சாலைகள். எலி பெருகினால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் நோய் பெருகும். எனவே எலியைக் கணக்கிலிருந்து நீக்க முடியாது, ஆனால் முதற்பழியை அதன்மேல் போடுவதும் சரியாகாது.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் 1820-களிலிருந்து இருந்துவருகின்றன. நவம்பரில் தொடங்கிக் குளிர்மாதங்கள் முழுவதும் பழம் பறிப்பு நடக்கும். சில்வர் ஓக் மர நிழலில், ஈரச் சருகின்மேல் நின்றும் குனிந்தும் உட்கார்ந்தும் செய்யும் வேலை அது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் அதிகம் காணப்படும் பருவமும் மழைக்குப் பிந்திய இதே குளிர்மாதங்கள்தான். காட்டைத் திருத்திவிட்டுக் கைவிட்ட நிலங்களில் முளைக்கும் புதர்களே இந்தப் பூச்சிக்கு மிகவும் ஏற்றவை, ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஸ்க்ரப்' அந்தப் புதரைக் குறிப்பதுதான். மலைச்சரிவுகளில் மண்டிக் கிடக்கும் அயல்நாட்டுச் செடிக்கு நம் மக்கள் உண்ணிச்செடி என்று பெயர் வைத்திருப்பது தற்செயலே என்றாலும், அத்தகைய அடர்புதர் எலிகளுக்கு நல்ல மறைவிடம் என்பது உண்மை. மலைக்குப் போகவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. புதர் மண்டிய காலிமனையும் வேலியோரமும் போதும்.

கடித்த இடத்தில் வலியோ அரிப்போ பெரிதாக இருப்பதில்லை. சில நாட்களில் அங்கே சிகரெட்டால் சுட்டதுபோன்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றுகிறது. மருத்துவருக்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடையாது, ஆனால் அது பெரும்பாலும் ஆடை இறுக்கும் இடங்களிலும் மறைவிடங்களிலும் இருக்கிறது: அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில், சட்டையைக் கழற்றாமல், புடவையை விலக்காமல், நாடி பார்த்து மாத்திரை எழுதித் தரும் சூழலில் அது தப்பிவிடுகிறது. எல்லா நோயாளிகளிடமும் பொருக்கு இருப்பதும் இல்லை. இந்தப் பாக்டீரியா நம் உயிரணுக்களுக்குள் புகுந்து அங்கே மட்டுமே பெருகுவதால் வழக்கமான இரத்தக் கிருமி வளர்ப்புச் சோதனையில் அகப்படாது. பென்சிலின் வகை மருந்துகளும் அதனிடம் பலிப்பதில்லை. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டும் பலிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி மருந்துக்கடையில் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் வாங்கி ஐந்து நாள் விழுங்குபவர், அந்த ஐந்து நாளையும் நோய்க்கு இலவசமாகக் கொடுக்கிறார் என்பதே என் கருத்து.

தேக்கி விலங்கு நோயுறுவதில்லை என்று மேலே சொன்னதற்கு விலக்கு ஒன்று உண்டு. சேலம் வட்டாரத்துக்கும் அதற்கும் பழைய தொடர்பு இருக்கிறது. பிளேக் நோய்க் கிருமியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். 1896-இல் அந்நோய் பம்பாய்க்கும் 1898-இல் பெங்களூருக்கும் வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் இருந்தவை என்பதால் மைசூர் எல்லை இந்த ஜில்லாவை ஒட்டியே இருந்தது. பிளேக்கில் வீட்டெலி செத்து விழும். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதன்மேலிருந்த தெள்ளுப்பூச்சி வெதுவெதுப்பான வேறு உடலைத் தேடிப் போகிறது. கிருமி அந்தப் பூச்சியின் தொண்டைக்குழாயை அடைத்துவிடுவதால் எவ்வளவு கடித்தாலும் அதற்கு வயிறு நிரம்புவதில்லை. பசி தாளாமல் திரும்பத் திரும்பக் கடித்து, உறிஞ்சிய இரத்தத்தைக் கிருமியோடு கக்குகிறது. அன்று எலி விழுந்த வீட்டைக் காலிசெய்து ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். காரணம் முழுமையாகத் தெரியாவிட்டாலும் செய்தது சரியான செயல். வீட்டெலி இப்படி மடிவதால் அது நிலையான தேக்கியாக இருக்க முடியாது. வயல்வெளி வளைகளில் வாழும், இந்நோயைத் தாங்கிக்கொள்ளும் காட்டெலி இனங்களே கிருமியை நீண்டகாலம் பாதுகாக்கின்றன. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் பகுதியில், மனிதரிடையே நோய் இல்லாத காலத்திலும் எலிகளைப் பிடித்துப் பரிசோதிக்கும் பணி நடந்துவந்ததற்குக் காரணம் இதுவே.

மற்ற விலங்குகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மலைப்பாதைக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பவர்கள் கடியையும் கீறலையும் வரவழைத்துக்கொள்கிறார்கள்; குரங்கின் வாயிலும் நகத்திலும் உள்ள பாக்டீரியாக்கள் காயத்தைச் சீழ்ப்பிடிக்க வைக்கும், அவற்றின் கழிவில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும், வெறிநோய்த் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் தனிக்கதை. ஆமை, ஓணான் போன்ற ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா எவ்விதத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. தொட்டுவிட்டுக் கைகழுவாமல் சாப்பிடும் குழந்தைக்குத் தொந்தரவு தரும். கிளிகளின் காய்ந்த எச்சத்தூள் மூச்சில் கலந்தால் நுரையீரல் அழற்சி தரும் பாக்டீரியா ஒன்றும் உண்டு. காட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படியும் குற்றம். முதலில் சொன்ன காட்டெருமையையும் விட்டுவிடக் கூடாது: ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் தாக்கினால் அது இறந்துபோகும், இறந்த உடலிலிருந்து வெளிப்படும் நுண்விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கும். காட்டில் செத்துக்கிடக்கும் விலங்கைத் தொடவோ அறுக்கவோ கூடாது, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும்.

சேலத்தை அடுத்த குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் வேலிக்கு இப்பால் நின்று மானைப் பார்ப்பதால் மானின் கிருமி நம்மிடம் வருவதில்லை, ஏனெனில் அங்கே வழி இல்லை. சிறுநீர் கலந்த நீர், சருகிலுள்ள பூச்சி, கடிபட்ட காயம், கழுவாத கை, மூச்சில் போகும் தூள் என்று ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒரு வழி உண்டு, அந்த வழியை அடைத்தால் போதும். விலங்கையே ஒழித்துவிடலாம் என்ற யோசனை கேட்பதற்கு எளிது, நடைமுறையில் சிக்கலானது. பிளேக் கட்டுப்பாட்டில் முதலில் தெள்ளுப்பூச்சியைக் கொன்ற பிறகே எலியைக் கொல்வது முறை; முறைமாற்றிச் செய்தால் வீடிழந்த பூச்சிகள் மனிதரை நாடும். தின்பதற்குத் தானியமும் குப்பையும் அப்படியே கிடக்கும் இடத்தில் எலிகளைக் கொன்றால், மிஞ்சியவை விரைவில் குட்டிபோட்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். மூடிபோட்ட குப்பைத்தொட்டி, அடைக்கப்பட்ட வளை, மழைநீரில் இறங்கும்போது முழங்கால்வரை காலணி, தோட்டத்தில் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, வேலை முடிந்ததும் குளித்து உடையை மாற்றிக்கொள்வது, துணியைப் புதரின்மேல் உலர்த்தாமலிருப்பது ஆகியவை அதைவிட நன்றாகப் பலன் தரும்.

இவ்வளவு செய்தும் காய்ச்சல் வரலாம். ஏற்காட்டில் கடிபட்டவர் சென்னையிலோ பெங்களூரிலோ படுக்கையில் விழும்போது இடையில் பத்து நாட்கள் கடந்திருக்கும். மருத்துவர் டெங்குவையும் டைபாய்டையும் முதலில் நினைப்பது இயல்பு. கடந்த மூன்று வாரங்களில் தேங்கிய நீரில் இறங்கியது, புதருக்குள் போனது, தோட்டத்தில் வேலை செய்தது, புல்லில் உட்கார்ந்தது இவற்றில் எது நடந்திருந்தாலும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உடலில் எங்கேனும் வலியில்லாத கரும்பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே, அக்குள் முதல் தொடையிடுக்கு வரை, ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது இன்னும் நல்லது.